எதிரெதிர்ப் பக்கங்களில் கேஸ்லிங்: தாக்குதல் பந்தயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சதுரங்கத்தில் வெள்ளை ராணிப் பக்கத்திலும் கறுப்பு ராஜா பக்கத்திலும் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றி ராஜாவை ஓரமாக ஒதுக்குவது) செய்துவிட்டால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிடுகிறது. இருவரும் ஒரே பக்கத்தில் இருந்தால், எதிராளியின் ராஜாவை நோக்கிச் சிப்பாய்களை ஓட்டுகிறவர் தன் வீட்டுக் கூரையைத் தானே பிரிக்கிறார். எதிரெதிர்ப் பக்கங்களில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. ஆகவே இதை 'யார் முதலில் மேட் செய்வது' என்ற ஓட்டப்பந்தயமாகவே பலர் ஆடுகிறார்கள், பெரும்பாலான தவறுகள் அந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

இவற்றை விளக்க 1974ஆம் ஆண்டு மாஸ்கோவில், உலகச் சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்க நடந்த கேண்டிடேட்ஸ் இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தைவிடப் பொருத்தமானதை நான் அறியேன். வெள்ளையில் 23 வயது அனத்தோலி கார்ப்போவ், கறுப்பில் விக்டர் கோர்ச்னாய். கறுப்பு ஆடியது சிசிலியன் டிஃபென்ஸ் என்ற தொடக்க முறையின் டிராகன் வகை, அதற்கு எதிராக வெள்ளை ஆடியது யூகோஸ்லாவ் தாக்குதல். (கட்டங்களைக் குறிக்கையில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் சொல்லும்.) வெள்ளை எச் சிப்பாயை ஓட்டுவதும், கறுப்பு சி நெடுவரிசையில் யானைகளை நிறுத்துவதும் இவ்வகையின் வழக்கமான காட்சி.

முதல் தவறு, சிப்பாய்களை எதற்காக ஓட்டுகிறோம் என்பதை மறப்பது. நெடுவரிசையைத் திறப்பதே நோக்கம். சிப்பாய்க் கணக்கு இங்கே இரண்டாம்பட்சம். கார்ப்போவ் 14ஆம் நகர்வில் எச்5 என்று சிப்பாயைத் தள்ளியபோது கறுப்புக் குதிரை அதை வெட்டியது. உடனே ஜி4 என்று அதைத் துரத்திவிட்டு, திறந்த எச் நெடுவரிசையைத் தன் யானைக்கு உரியதாக்கிக்கொண்டார். ஒரு சிப்பாய் போகிறதே என்று தயங்குகிறவர்கள், பக்கத்துச் சிப்பாயின் துணைக்காக ஒரு நகர்வு செலவிட்டு, அந்த ஒரு நகர்விலேயே பந்தயத்தை இழப்பதுண்டு. அதற்கு நேரெதிராக, வரிசை திறக்கும் முன்பே சிப்பாய்கள் ஒன்றையொன்று அடைத்து நிற்கும்படி தள்ளிவிட்டுப் பிறகு வழி தேடுவதும் அதே அளவு பெரிய தவறு.

தன் ராஜாவின் முன்னுள்ள சிப்பாய்களைக் காரணமின்றி நகர்த்துவது அடுத்தது. டிராகனில் ஜி6 ஏற்கெனவே நகர்ந்திருப்பதால்தான் எச்5 அதன்மேல் போய் முட்ட முடிகிறது. பயத்தில் நகர்த்தும் ஒவ்வொரு சிப்பாயும் எதிராளி மோதுவதற்கு ஒரு புள்ளியைக் கொடுக்கிறது. ஆனால் இதைச் சட்டமாக்கவும் கூடாது: வெள்ளைச் சிப்பாய் எச்4இல் இருக்கும்போதே கறுப்பு தன் எச்5 சிப்பாயால் அதைத் தடுத்து நிறுத்தும் சோல்டிஸ் முறை, டிராகனின் மிக முக்கியமான தற்காப்புகளில் ஒன்று.

எல்லாவற்றிலும் விலை மிகுந்த தவறு, தாக்குதல் நடக்கும்போது தற்காப்புக்கு ஒரு நகர்வுகூடத் தர மறுப்பது. கார்ப்போவின் 16ஆம் நகர்வு இங்கே நின்று பார்க்கத் தக்கது. எச் நெடுவரிசை திறந்திருக்கிறது, தாக்குதல் சூடு பிடித்திருக்கிறது. அவரோ நடுப்பலகையில் டி4இல் இருந்த குதிரையை இ2க்குப் பின்னிழுத்தார். டிராகன் ஆடுகிறவர்களின் தலையாய ஆயுதம், சி3 குதிரைக்காக யானையைப் பலி கொடுத்து வெள்ளை ராஜாவின் அரணைச் சிதைப்பது. இ2 குதிரை சி3ஐக் காத்ததால் அந்தப் பலி பயனற்றுப்போயிற்று. அதே குதிரைக்கு எஃப்4 வழியாகத் தாக்குதலில் சேரும் பாதையும் கிடைத்தது. 19ஆம் நகர்வில் ஒரு யானையை டி3க்கு ஏற்றி சி3க்கு மேலும் ஒரு காவல் வைத்து, குதிரையை அந்தக் கடமையிலிருந்து விடுவித்தார். ஆனால் பலரும் பழக்கத்தால் ஆடும் 'ராஜா பி1' நகர்வை அவர் இந்த ஆட்டம் முழுவதும் ஆடவே இல்லை. எதிராளியின் உண்மையான அச்சுறுத்தல் எது என்று தெரிந்தவருக்கே எந்தத் தற்காப்பு நகர்வு அவசியம், எது வீண் என்பதும் தெரியும்.

காய் மாற்றங்களில் அவசரப்படுவதும் பொதுவான பிழை. ஜி7இல் நின்று ராஜாவைக் காக்கும் டிராகன் பிஷப்பை எச்6இல் மாற்றிக்கொள்வது வெள்ளையின் பழைய உத்தி. 17ஆம் நகர்வில் கறுப்பு அங்கே பிஷப்பை வெட்டியதும் வெள்ளை ராணி எச்6இலேயே வந்து அமர்ந்தது. அதன்பின் ராஜாவைத் தவிர எச்7ஐக் காத்தது எஃப்6 குதிரை ஒன்றே. நடுப்பலகையைக் கவனிக்காமல் விடுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை: கறுப்பு தக்க தருணத்தில் டி5 ஆடிவிட்டால் வெள்ளையின் சிப்பாய்ப் படையெடுப்பு பெரும்பாலும் அர்த்தமிழந்துவிடும், வெள்ளை பிஷப் சி4க்கு வருவதற்கு அதைத் தடுப்பதும் ஒரு காரணம்.

கடைசித் தவறு, கையில் கிடைத்ததை உடனே பறித்துவிடுவது. கார்ப்போவ் 20ஆம் நகர்வில் ஜி5 என்று இன்னொரு சிப்பாயைக் கொடுத்து ஒரு கறுப்பு யானையை சி நெடுவரிசையிலிருந்து இழுத்து, டி5இல் அதை மாற்றிக்கொண்டார். இ7ஐக் காக்க மற்ற யானையும் இ8க்குப் போக, கோர்ச்னாயின் எதிர்த்தாக்குதல் நின்றுவிட்டது. அப்போது டி5 குதிரையால் எஃப்6ஐ வெட்டிச் செக் வைப்பது கையை அரிக்கும் நகர்வு. ஆனால் அப்படிச் செய்தால் கறுப்பு ராஜா எஃப்8 வழியாக இ7க்குத் தப்பிவிடும். ஆகவே அவர் இரண்டாவது குதிரையை எஃப்4க்குக் கொண்டுவந்தார். கறுப்பு பிஷப் சி6க்கு நகர்ந்ததும் இ5 என்று சிப்பாயைத் தள்ளி, ஏ5இலிருந்த கறுப்பு ராணி ஐந்தாம் வரிசை வழியே ஜி5க்கு வந்து உதவும் பாதையை மறித்தார். 27ஆம் நகர்வில் எச்8இல் ராணி செக் வைத்தபோது கோர்ச்னாய் தோல்வியை ஒப்புக்கொண்டார்: ராஜா இ7க்குப் போனால், இடையில் டி5 குதிரையை வெட்டி அங்கே நின்ற கறுப்பு பிஷப்பை வெள்ளைக் குதிரை செக்குடன் வெட்டும், ராணி அதைத் திருப்பி வெட்டினால் யானை இ1க்கு வந்து அடுத்த செக்கைக் கொடுக்கும்.