தென்னந்தோப்புக்கு மட்கு உரமும் மட்குச் சாறும் இடும் முறை

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற தமிழ் பேசும் ஊர்களில், கரிசலும் செம்மண்ணும் மாறி மாறிக் கிடக்கும் தோட்டங்களில் தென்னையே பெரும்பான்மைப் பயிராக உள்ளது. இந்த மண்ணுக்கு முதலில் வேண்டியது மட்கு உரம். அதிலிருந்து எடுக்கும் சாறு அதற்கு அடுத்தபடிதான். சாற்றை மட்டும் ஊற்றினால் போதும், வண்டி வண்டியாக எரு அடிக்க வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாற்றில் இருப்பவை பெரும்பாலும் நுண்ணுயிர்களும் சிறிதளவு கரைந்த சத்துமே. அவற்றுக்கு இரையாக மண்ணில் மட்கும் பொருள் இல்லாவிட்டால் ஊற்றிய பலன் நிலைக்காது.

குவியல் போடும்போது காய்ந்த பொருளையும் பச்சைப் பொருளையும் கலந்து, கரிச்சத்து (கார்பன்) 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கு என்ற அளவில் அமையுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளிலிருந்து வரும் நார்க்கழிவில் தழைச்சத்து 1 பங்குக்குக் கரிச்சத்து 100 பங்குக்கும் மேல் இருப்பதால், அதைப் பச்சையாகவே தோப்பில் கொட்டினால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொண்டு மரத்தைப் பட்டினி போட்டுவிடும். சாணம், கிளைரிசிடியா தழை ஆகியவற்றோடு அடுக்கி, பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசியும் அளவுக்கு ஈரம் காத்து, நடுப்பகுதியின் வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறிய பின் கிளறிவிட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவிப் பார்க்கலாம். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் குவியல் சரியாக வேலை செய்கிறது.

மட்கியதா என்பதை நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஈரமான மட்கை ஒரு பாலித்தீன் பையில் இறுகக் கட்டி 3 நாள் வைத்துப் பிரித்தால் மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடியோ புளித்த வாடையோ வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் கொஞ்சம் வெந்தயத்தை அதில் விதைத்து, முளை கருகாமல் வருகிறதா என்றும் பார்க்கலாம்.

தென்னைக்காரர் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இன்னொன்று உண்டு. எருக்குழியைக் கிளறும்போது, தலை பழுப்பாகவும் உடல் வெளுத்துக் கொழுத்தும் பிறை வடிவில் சுருண்டு கிடக்கும் புழுக்கள் தென்பட்டால், அவை பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழுக்களே. அந்த எருவை அப்படியே மரத்தடிக்குக் கொண்டுபோனால் குருத்தைக் குடையும் வண்டை நாமே சுமந்துபோய் விடுவதாகும். புழுக்களைப் பொறுக்கி அழித்து, குழியில் இந்தப் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலந்துவிடுவது நல்லது.

காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ மட்கு உரம் என்பது வழக்கமான அளவு. மரத்தை ஒட்டிக் குவிக்காமல், சுமார் 6 அடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில், மண் ஈரமாக இருக்கும்போது பரப்பி, மேல்மண்ணோடு லேசாகக் கொத்திவிட வேண்டும். அம்மியையே நகர்த்தும் என்பார்களே, அந்த ஆடிக்காற்று இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக முழு வேகத்தில் வருவதால், மட்கைத் திறந்து விட்டால் ஒரே வாரத்தில் தூளாகிப் பறந்துவிடும். ஓலையையும் மட்டையையும் மூடாக்காகப் போடாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

சாறு எடுப்பது எளிது. நன்கு மட்கிய உரம் 10 கிலோவைக் கொசுவலைத் துணியில் தளர்வாகக் கட்டி, 100 லிட்டர் தண்ணீர் உள்ள டிரம்மில் முக்கி, 20 நிமிடம் கசக்கி அலசினால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீராக இருந்தால் முதல்நாளே திறந்த பாத்திரத்தில் பிடித்து வைக்க வேண்டும். வெல்லம் சேர்த்து ஊறவைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. காற்று ஓட்டம் இல்லாமலும் சாணம் சரியாக மட்காமலும் இருந்தால் அந்த வெல்லம் நோய்க்கிருமிகளையும் சேர்த்தே வளர்க்கும் என்பதால், வெறும் சாறே பாதுகாப்பானது. இதே காரணத்தால், பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரி மீது சாற்றைத் தெளிக்கக்கூடாது.

எடுத்த சாற்றைச் சில மணி நேரத்துக்குள், மாலை வெயில் தாழ்ந்த பிறகு, மூடாக்கை விலக்கி ஈரமண்ணில் மரத்துக்கு 10 லிட்டர் வீதம் ஊற்ற வேண்டும். போர்டோக் கலவை போன்ற தாமிர மருந்து கலந்த டிரம்மை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. சொட்டுநீர்க் குழாயில் விடுவதானால் இருமுறை துணியில் வடிகட்டி, வடிப்பான் வழியாக மட்டுமே செலுத்தி, முடிந்ததும் வெறும் தண்ணீரைச் சற்று நேரம் ஓடவிட வேண்டும்; இல்லையெனில் சொட்டுவான்கள் வழவழப்பான படிவம் பிடித்து அடைத்துக்கொள்ளும். துணியில் மிஞ்சும் சக்கையை எறிய வேண்டியதில்லை. அடுத்த குவியலில் சேர்க்கலாம், அல்லது கன்றுகளின் குழியில் இடலாம்.