மானிடவியல் படித்துவிட்டுக் கம்பெனிகளில் வேலை தேடுவது எப்படி?

'மானிடவியலாளர் தேவை' என்று விளம்பரம் வரும் எனக் காத்திருக்காதீர்கள், அது அபூர்வம். மக்களைக் கூட இருந்து கவனித்துப் புரிந்துகொள்ளும் அதே வேலை யூஸர் ரிசர்ச்சர், டிசைன் ரிசர்ச்சர், கன்ஸ்யூமர் இன்சைட்ஸ் என்று வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். அந்தப் பெயர்களைப் போட்டுத் தேடுங்கள்.

அப்புறம், நீங்கள் விற்கப்போவது பட்டத்தை இல்லை. ஆட்கள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. அந்த வித்தியாசத்தைக் கூட இருந்து பார்த்துச் சொல்லத் தெரியும் என்பதுதான் உங்கள் சரக்கு. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1980-களில் மானிடவியலாளர் லூசி சச்மன், நகல் இயந்திரத்தின் முன்னால் ஆட்களை விட்டு வீடியோ எடுத்தார். கம்ப்யூட்டர் துறையில் பேர் பெற்ற ஆராய்ச்சியாளர்களே அதோடு மல்லுக்கட்டியது பதிவானது. அதே நிறுவனத்தில் ஜூலியன் ஓர் என்ற இன்னொரு மானிடவியலாளர், அந்த மெஷின்களை ரிப்பேர் செய்பவர்களோடு சுற்றினார். கையேட்டை விட, அவர்கள் சாப்பிடும் நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பழைய ரிப்பேர் கதைகள்தான் வேலையை நடத்தின. சர்வே படிவம் கொடுத்திருந்தால் இதை யார் எழுதியிருப்பார்கள்?

அனுபவம் இல்லையா? சரி, நீங்களே ஒன்று செய்யுங்கள். ஆட்கள் தடுமாறும் ஓர் இடத்தை, ஒரு டிக்கெட் மெஷின் என்று வைத்துக்கொள்வோம், தேர்ந்தெடுத்து, அனுமதி வாங்கி, நாலு நாள் பாருங்கள். அங்கே யாராவது கையால் எழுதி ஒட்டிய காகிதம் இருந்தால் விடாதீர்கள், வடிவமைப்பு எங்கே தோற்றது என்பதை அதுவே சொல்லிவிடும். ஐந்தாறு பேரிடம் பேசி, என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், எதை மாற்றலாம் என்று இரண்டே பக்கம் எழுதுங்கள். இன்டர்வியூவில் உங்கள் ஆய்வேட்டை யாரும் புரட்டப்போவதில்லை, இந்த இரண்டு பக்கத்தைப் படிப்பார்கள்.

மானிடவியல் முன்னோடி மாலினோவ்ஸ்கி கள ஆய்வுக்காகப் பசிபிக்கின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் சுமார் இரண்டு வருடம் தங்கினார், உங்களுக்கு இரண்டு வாரம் கிடைத்தால் அதிகம். புலம்பிப் பயனில்லை. கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

துறை மாறும்போது பேச்சுதான் மாறுகிறது, பார்வை அதேதான். ஜிலியன் டெட் மானிடவியல் படித்து, தஜிகிஸ்தானில் திருமணச் சடங்குகளை ஆராய்ந்தவர். பிறகு ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழின் நிருபராக வங்கியாளர்களின் கூட்டத்தையும் அதே கண்ணோடு பார்த்து, 2008 நிதி நெருக்கடிக்கு முன்பே கடன் சந்தையின் ஆபத்தைப் பற்றி எழுதினார். ஆகவே புதுத் துறையில் முதல் மாதம் அவர்களுடைய சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருங்கள், அறிக்கையை அந்தச் சொற்களிலேயே கொடுங்கள்.

வேலையை ஒத்துக்கொள்ளும் முன்பே ஒன்றைப் பேசிவிடுங்கள்: நேரில் பார்த்தும் கேட்டும் நீங்கள் எழுதும் களக்குறிப்புகள் யார் கைக்குப் போகும்? 'இந்த ரூலை நாங்கள் யாருமே பார்ப்பதில்லை' என்று ஒரு தொழிலாளி உங்களை நம்பிச் சொல்லியிருப்பார், அது பெயரோடு மேலாளரிடம் போனால் அவர் வேலைக்கே ஆபத்து. பெயர் நீக்கிய அறிக்கை மட்டும்தான் தருவேன் என்று சொல்லி, அதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நாலே பேர் உள்ள பிரிவு என்றால் பெயரை எடுத்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அங்கே சம்பவத்தையே பொதுவாக்கித்தான் எழுத வேண்டும்.