எடை குறைந்தது சரி, குறைந்தது எது?

52 வயதில், நான்கே மாதங்களில் 9 கிலோ குறைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஒருநாள் கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன பேனாவை எடுப்பதற்காக மண்டியிட்டேன். பேனா கைக்கு வந்துவிட்டது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. தொடையில் பலமே இல்லை. ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, மறு கையைத் தரையில் ஊன்றி, இரண்டாவது முயற்சியில்தான் எழுந்தேன். அந்த 9 கிலோவும் உடம்பில் இருந்த காலத்தில்கூட எனக்கு இப்படி ஆனதில்லை. கரைந்தது கொழுப்பு மட்டுமல்ல, என்னைத் தாங்கிக்கொண்டிருந்த தசையும் சேர்ந்தே கரைந்திருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

நடுவயதில் எடையைக் குறைக்க முனைபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன: எடை மெஷினில் எண் இறங்கினால் போதும் என்று நினைப்பது. அந்த மெஷினுக்குக் கொழுப்பும் தசையும் நீரும் எலும்பும் ஒன்றுதான். நம் உடம்புக்கு அப்படியல்ல. 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை தானாகவே குறைந்துகொண்டு வருகிறது. 60ஐத் தாண்டினால் அந்த வேகம் கூடுகிறது. இதற்கு மேல் நாமாக எடையைக் குறைக்கும்போது, குறையும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு, தசையை உள்ளடக்கிய கொழுப்பல்லாத திசுவாக இருக்கும். உடற்பயிற்சியே இல்லாமல் வெறும் பட்டினியால் குறைத்தால் அந்தப் பங்கு இன்னும் கூடலாம்.

25 வயதுக்காரர் இழந்த தசையை எளிதில் மீட்டுவிடுவார். 55இல் அது மெதுவாகத்தான் திரும்பும். டயட்டை நிறுத்தியதும் எடை திரும்பி வருகிறதே, அப்போது வருவது பெரும்பாலும் கொழுப்பு. மூன்று முறை குறைத்து மூன்று முறை கூடியவர், மெஷினில் பழைய எண்ணையே பார்த்தாலும், முன்பைவிடக் குறைந்த தசையோடும் கூடுதல் கொழுப்போடும் நிற்கிறார். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக்கூடாதா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மெஷினைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதோடு இன்னும் இரண்டை அளந்து பாருங்கள். ஒன்று, இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், தோலை ஒட்டி, இறுக்காமல் டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளப்பதில் பயனில்லை. உங்கள் உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால் நல்லது, 160 செ.மீ. உயரம் என்றால் 80க்குள். மற்றொன்று, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்பது. 60 முதல் 64 வயது வரை உள்ள ஆணுக்கு 14க்கும், பெண்ணுக்கு 12க்கும் கீழே போனால் கால்களின் பலம் சராசரிக்குக் குறைவு என்று பொருள். மாதம் ஒருமுறை தேதியோடு குறித்துவையுங்கள். எடையும் இடுப்பும் குறைந்து, இந்த எண்ணிக்கை குறையாமல் இருந்தால் சரியான வழியில் போகிறீர்கள்.

எதையும் தொடங்குவதற்கு முன்பே பலர் செய்துவிடும் தவறு ஒன்று உண்டு. “வயதாகிவிட்டது, இனி என்ன செய்தாலும் குறையாது, உடம்பு கலோரியை எரிப்பதே இல்லை” என்று கைவிட்டுவிடுவது. 2021இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை, பிறந்த எட்டு நாள் குழந்தை முதல் 95 வயது வரை கணக்கிட்டிருந்தார்கள். உடலின் அளவையும் அதிலுள்ள தசையையும் கணக்கில் கொண்டு பார்த்தால், 20 முதல் 60 வயது வரை அந்தச் செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் அளவில் குறையத் தொடங்குகிறது. ஆக, 45 வயதில் விழும் தொப்பைக்கு வளர்சிதை மாற்றத்தைக் குற்றம் சொல்ல முடியாது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது, தூக்கம் குறைந்தது, குறைந்துவரும் தசை, வேலை முடிந்த களைப்பில் என்ன சாப்பிடுகிறோம் என்றே கவனிக்காமல் சாப்பிடுவது, இவைதான் காரணங்கள். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால், தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. அது உண்மையான மாற்றம். எந்தப் பெண்ணும் அதைத் தன் சோம்பேறித்தனம் என்று எண்ணிக் குமைய வேண்டாம்.

அடுத்தது அவசரம். முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கியதும் மனம் துள்ளும். அதில் பெரும்பகுதி தண்ணீர். கிளைகோஜன் என்ற பெயரில் உடலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சேமிப்பு தீரும்போது நீரும் வெளியேறுகிறது. அந்த வேகம் தொடர வேண்டும் என்று இன்னும் பட்டினி கிடப்பவர்கள் தசையைத்தான் இழக்கிறார்கள். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் பித்தப்பையில் கல் உண்டாகும் ஆபத்தும் கூடுகிறது. வாரம் அரை கிலோ போதும். மொத்தத்தில் எவ்வளவு? கல்லூரிக் காலத்து எடைக்கே திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2002இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 3,234 பேர் அதில் இருந்தார்கள். எடையில் 7 சதவீதம் குறைப்பதும், வாரம் 150 நிமிட உடலுழைப்பும்தான் ஒரு குழுவுக்கு வைத்த இலக்கு. அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்ட குழுவில் 31 சதவீதம். 60 வயதைக் கடந்தவர்களுக்கோ அதே எளிய இலக்கால் 71 சதவீதம் குறைந்தது. வயதானவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்திருக்கிறது. 80 கிலோ எடையுள்ளவருக்கு அந்த 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோதான்.

சாப்பாட்டைக் குறைக்கும்போது தட்டில் உள்ள எல்லாவற்றையும் பாதியாக்குகிறோம். புரதமும் பாதியாகிவிடுகிறது; நான் செய்த பெருந்தவறு இதுதான். பொதுவாகச் சொல்லப்படும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு அது போதாது, 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. 70 கிலோ எடைக்கு அது 70 முதல் 84 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம், ஒரு கோப்பைப் பாலில் 8 கிராம். காலையில் ஒரு முட்டையைச் சாப்பிட்டுவிட்டு இன்றைய கணக்கு முடிந்தது என்று இருப்பவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்று பாருங்கள். வயதான தசைக்குக் காது சற்று மந்தம் என்று சொல்லலாம். இளம் தசை சிறிது புரதம் வந்தாலே கட்டுமானத்தைத் தொடங்கிவிடும். வயதான தசைக்கு ஒரே வேளையில் 25, 30 கிராம் வந்தால்தான் கேட்கிறது. அதனால் எல்லாவற்றையும் இரவுக்குத் தள்ளாமல் மூன்று வேளையிலும் பிரித்துக்கொள்ள வேண்டும். பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன், கோழி, எது பழக்கமோ அது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

“நான்தான் தினமும் நடக்கிறேனே.” இந்தப் பதிலைக் கேட்காத நாளில்லை. நடை இதயத்துக்கும் மனத்துக்கும் செய்யும் நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், நானும் நடக்கிறேன். ஆனால் 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் மிதமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 250 கலோரி. ஒரு துண்டு கேக் அதை ஈடுகட்டிவிடும். அதைவிட முக்கியமானது, எடை குறையும் காலத்தில் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. உடற்பருமன் உள்ள, 65 வயதைக் கடந்த 160 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. டயட்டோடு ஒரு குழு நடை போன்ற பயிற்சிகளை மட்டும் செய்தது. இன்னொரு குழு தசைப் பயிற்சியை மட்டும் செய்தது. மற்றொன்று இரண்டையும் செய்தது. மூன்று குழுக்களிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. ஆனால், கொழுப்பல்லாத திசு முதல் குழுவில் 5 சதவீதம் போனது. தசைப் பயிற்சிக் குழுவில் 2 சதவீதம்தான். எழுவது, நடப்பது, படி ஏறுவது போன்ற அன்றாடத் திறன் மிக அதிகமாகக் கூடியது இரண்டையும் செய்தவர்களுக்கு.

இந்த வயதில் எடை தூக்குவதா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். 1990இல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்குக் கால் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 90. எட்டு வாரங்களை நிறைவுசெய்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டார்கள். இதைப் படித்த அன்று மாலையே நான் நாற்காலியை எடுத்துப் போட்டேன்.

நாற்காலி போதும், உடற்பயிற்சிக் கூடம் வேண்டியதில்லை. கைப்பிடி இல்லாத கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முன்விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலம் விரித்து ஊன்றி, கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், நான்கு எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள். தொடை நடுங்கும். அந்த இறக்கத்தில்தான் தசைக்கு உண்மையான வேலை கிடைக்கிறது. எட்டுப் பத்து முறை செய்து, ஓய்வெடுத்து, மறுபடி ஒரு சுற்று. எளிதாகிவிட்டால் கையில் தண்ணீர் பாட்டில்களைப் பிடித்துக்கொள்ளலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது மேலுடம்புக்கு. மூச்சை அடக்கிக்கொண்டு செய்யக்கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம், விழித்திரைக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரம் 150 நிமிட நடையோடு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியையும், 65க்கு மேல் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியையும் கேட்கிறது. பல் துலக்கும்போது வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதுகூட ஒரு நல்ல தொடக்கம்.

முழங்கால் வலிக்கிறதே என்பவர்கள் எடுத்த எடுப்பில் ஓட வேண்டாம். ஒரு கிலோ குறைந்தாலே, ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது.

தூக்கத்தை வெட்டி விடியற்காலைப் பயிற்சிக்கு ஓடுவதும் தவறுதான். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பத்துப் பேரைக் கலோரி குறைத்த உணவில், 14 நாட்கள் வீதம் இரண்டு கட்டங்களாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் எட்டரை மணி நேரப் படுக்கை, இன்னொரு கட்டத்தில் ஐந்தரை மணி நேரம். இரண்டிலும் குறைந்த எடை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் தூக்கம் குறைந்த கட்டத்தில் கொழுப்பு கரைவது 55 சதவீதம் குறைந்தது, கொழுப்பல்லாத திசுவின் இழப்பு 60 சதவீதம் கூடியது. மெஷினை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் டயட்டில் இறங்குவது. என் அண்ணனுக்கு 63 வயது. வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரவு உணவைத் தவிர்த்துவந்தார். ஒரு விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, குளியலறை வாசலில் சரிந்துவிட்டார். இன்சுலினும், சல்ஃபோனைல்யூரியா என்ற வகைச் சர்க்கரை மாத்திரைகளும் உணவு குறைந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான். எடை இறங்கினால் அழுத்தமும் இறங்கும். பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இந்த வயதில் ஒரு விழுதல், ஓர் இடுப்பெலும்பு முறிவில் கொண்டுபோய் விடலாம். எடையைக் கூட்டும் மருந்துகளும் இருக்கின்றன: ஸ்டீராய்டு, மனச்சோர்வுக்கான சில மருந்துகள், இன்சுலின். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். எடையைக் குறைக்கப் புதிதாக வந்திருக்கும் செமாக்ளூடைடு ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் நாற்காலியும் புரதமும் கட்டாயம்.

கடைசியாக ஒன்று, எடை குறைக்க முயலாதவர்களைப் பற்றியது. வயதான ஒருவர் எதுவும் செய்யாமலே இளைத்தால், நல்லதுதானே என்று வீட்டார் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைந்தால் அது பாராட்டுக்குரிய விஷயமல்ல. கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய், மனச்சோர்வு, மெல்ல முடியாத பல்வலி, எதுவாகவும் இருக்கலாம். வீட்டில் யாருடைய பெல்ட்டிலாவது புதிய துளை போட வேண்டி வந்தால், அது எப்போது, அதற்கு முன் எடை எவ்வளவு இருந்தது என்று எழுதி எடுத்துக்கொண்டு அவரை அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டையும்தான்.