காளாஸ்திரி கலம்காரிக்கு ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடி

நான் ஆந்திராவுல நகரி, புத்தூர் பக்கம் இருக்கிறதால சென்னை ஃப்ரெண்ட்ஸ் அடிக்கடி கேக்குறது இதான், காளாஸ்திரில கலம்காரி, அதாவது துணில கையால கோடு இழுத்து இயற்கைச் சாயத்துல படம், போடுறவங்களுக்கு எதாவது பண்ணணும்பா, இன்ஸ்டால வித்துக் குடுக்கலாமா, எப்படி ஆரம்பிக்கிறது. தாராளமா பண்ணுங்க. ஆனா போன உடனே "மீட்டர் என்ன ரேட்டு"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அங்கயே கெட்டுச்சு. மொதல்ல ஒரு நாள் உக்காந்து வேலையப் பாருங்க.

காடாத் துணிய கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த தண்ணில முக்கிக் காயவெப்பாங்க, பால் இருந்தாதான் மை பரவாது. மூங்கில் குச்சி முனைல கம்பளியச் சுத்தி நூலால கட்டியிருக்கும், அதான் கலம், அதாவது பேனா. துருப்புடிச்ச இரும்பும் வெல்லமும் போட்டு நாள்கணக்கா ஊறவெச்ச தண்ணில அத முக்கிட்டு, விரலால கம்பளிய லேசா அமுக்கி அமுக்கிக் கோடு இழுப்பாங்க, கொஞ்சம் கூட அமுக்கினா சொட்டு விழுந்துரும், அழிக்கல்லாம் முடியாது. கடுக்காய் ஏறின துணில பட்டாதான் அது நல்லா கருப்பாகும். அப்புறம் செவப்பு வரவேண்டிய எடத்துல படிகாரம், அலசல், சாய வேரு போட்டுக் கொதிக்க வெக்கிறது, திரும்ப அலசல், திரும்பப் பால், மஞ்சள், நீலம், இப்படிப் போய்ட்டே இருக்கும். மழை வந்தா காயவெக்க முடியாம எல்லாம் நின்னுரும், ஸ்வர்ணமுகி ஆத்துல தண்ணி இல்லன்னா அலச வேற எடம் தேடணும்.

அதனால ரேட்ட சதுர அடில பேசாதீங்க, நாள் கணக்குல பேசுங்க. ஊர்ல கொத்தனாருக்கு என்ன கூலியோ அதுக்குக் கொறையக் கூடாது, அவ்ளோதான் என் கணக்கு, ஏன்னா அது கெடைக்கலன்னா அந்த வீட்டுப் பையன் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைல கம்பெனி வேலைக்குப் போயிடுவான், போறதுல தப்பும் இல்ல. சும்மா ஒரு உதாரணம், ஒரு துப்பட்டாக்கு ஆறு நாள், நாளுக்கு 700 போட்டா 4,200, துணி சாயம் 600, மொத்தம் 4,800. இது அவங்க கைக்குப் போற காசு, உங்க லாபம், கொரியர், ரிட்டர்ன் எல்லாம் இதுக்கு மேல. கடைல 900 ரூபாய்க்குத் தொங்குறது ஸ்கிரீன் பிரிண்ட், அதோட போட்டி போடணும்னு நெனைச்சாலே தோத்துட்டீங்க.

இன்னொன்னும் கேளுங்க. பல வீட்ல கோடு போடுறது ஒருத்தர், கலர் நிரப்புறது அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க, பீஸுக்கு இவ்ளோன்னு கூலி. நீங்க குடுக்குற காசுல அந்த அக்காவுக்கு எவ்ளோ போகுதுன்னு தெரியாம "நேரா கலைஞர்கிட்ட வாங்கினது"ன்னு பேஜ்ல போடாதீங்க.

அட்வான்ஸ் கண்டிப்பா பாதி. உலக நியாய வணிக அமைப்போட விதியே அதான், கைவினைப் பொருள் வாங்குறவங்க, செய்யுறவங்க கேட்டா கொறஞ்சது 50 சதவீதம் வட்டியில்லாம முன்பணம் தரணும். நம்ம ஆளுங்க கேக்கவே கூச்சப்படுவாங்க, நீங்களே குடுத்துருங்க. இல்லன்னா துணிக்கும் சாயத்துக்கும் வட்டிக்கு வாங்குவாங்க, அந்த வட்டி அவங்க கூலிலதான் போகும். "சாம்பிள் ஒண்ணு ஃப்ரீயா போட்டுக் குடுங்க, பாத்துட்டு சொல்றோம்"னு கேக்குற பழக்கத்த தயவுசெஞ்சு விட்டுருங்க.

பெரிய ராமாயணத் துணி எப்பவாவதுதான் விக்கும், நடுவுல சின்ன ஃப்ரேம், பிளவுஸ் பீஸுன்னு எதாவது ஓடிட்டே இருந்தா அடுப்பெரியும். ஆனா மொத்தத்தயும் மொபைல் பவுச்சா மாத்துங்கன்னு சொல்லாதீங்க, எனக்கு அது புடிக்கல. ஆர்டர தீபாவளிக்கு முன்னாடி வந்து கொட்டாம வெயில் காலத்துல குடுங்க, துணி சீக்கிரம் காயும், அவங்களுக்கும் கையில வேலை இருக்கும்.

போட்டோவுக்கு ஃபில்டர் வேணாம், இயற்கைச் சாயம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும்னு முன்னாடியே எழுதிருங்க, புதுத் துணில பால் வாசனை வரும்னும் எழுதுங்க, பாதி ரிட்டர்ன் அதுலயே கொறையும். கோடு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தா பிரிண்ட், கைல போட்டதுன்னா தடிப்பும் மெலிசுமா இருக்கும், அதக் கிட்டக்க வெச்சு ஒரு போட்டோ எடுங்க.

பேப்பர் வேலையும் இருக்கு. கைவினைஞர் அடையாள அட்டை, அதான் பெஹ்சான் கார்டு, இல்லாதவங்களுக்கு எடுத்துக் குடுங்க, அரசு கண்காட்சில ஸ்டால் கேக்க உதவும். 2023ல வந்த பிஎம் விஸ்வகர்மாங்கிற மத்திய அரசுத் திட்டத்துல இருக்கிற 18 தொழில்ல துணில படம் போடுறது வரல, அதுக்கு அலைய விடாதீங்க, குயவரும் கூடை பாய் முடையறவங்களும் அதுல வருவாங்க. காளாஸ்திரி கலம்காரிக்கு ஜிஐ, அதான் புவிசார் குறியீடு, இருக்கு, ஆனா போடுறவங்க ஒவ்வொருத்தரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா தனியா பதிவு பண்ணணும், 2020ல அதுக்கான ஃபீஸ வெறும் 10 ரூபாயாக் கொறச்சுட்டாங்க. ஜிஐ ரிஜிஸ்ட்ரி இருக்கிறது கிண்டிலதான், சென்னைல இருக்கிற நீங்க அந்த ஃபார்ம நிரப்பிக் குடுத்து, என்னாச்சுன்னு ஃபாலோ பண்ணினா அவங்களுக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.