பழைய கணினியில் உலாவி எழுத்துகள் உடைந்தால்: எதைப் பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

பழைய கணினியில் தமிழ்ப் பக்கம் சரியாகத் தெரியவில்லை என்றதும் கண்ணில் பட்ட எழுத்துருக்களையெல்லாம் இறக்கி நிறுவத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று எழுத்துருக்கள் சேர்ந்துவிட்டால், எதை உலாவி எடுக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும். எழுத்து உடைந்திருக்கும் விதமே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். முதலில் அதை நிதானமாகப் பாருங்கள்.

அதற்கும் முன் இரண்டு சின்னச் சோதனைகள். அதே பக்கத்தைக் கைபேசியில் திறந்து பாருங்கள். அங்கேயும் அதே இடத்தில் உடைந்திருந்தால் தவறு பக்கத்தில்தான். கொம்பை எழுத்துக்கு முன்னால் தட்டச்சு செய்த உரை எந்தக் கருவியிலும் சரியாக வராது. அடுத்து, கணினித் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். படத்தில் எழுத்து கூர்மையாக இருந்து, மானிட்டரில் மட்டும் மங்கலாக இருந்தால் உலாவியைத் தொட வேண்டியதே இல்லை. கோளாறு திரைத் தெளிவுத்திறனிலோ கேபிளிலோ இருக்கிறது.

உடைந்திருக்கும் விதங்கள்

வெறும் கட்டங்கள் தெரிந்தால், அந்த எழுத்துக்கு உரிய வடிவம் எந்த எழுத்துருவிலும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஃபயர்ஃபாக்ஸ் இந்தக் கட்டத்துக்குள் அந்த எழுத்தின் யூனிகோடு எண்ணையே சிறிதாக அச்சிட்டுக் காட்டும். பக்கத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள். 0பி என்று தொடங்கினால் அது தமிழ் எழுத்து, தமிழ் எழுத்துரு இல்லை. 01எஃப் என்று தொடங்கினால் பெரும்பாலும் இமோஜி. இ அல்லது எஃப் என்று தொடங்கும் நான்கிலக்க எண் என்றால், அது அநேகமாக ஐகானுக்காகப் பக்கம் அனுப்பிய எழுத்துரு வந்து சேரவில்லை என்பதற்கான அடையாளம். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கிறது என்றால் அது வேறு கோளாறு. ‘தேன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் சேமிக்கப்படும் வரிசை: முதலில் த, பிறகு இரட்டைக்கொம்பு, பிறகு ன, கடைசியில் புள்ளி. கொம்பை எடுத்துத் த-வுக்கு முன்னால் வைப்பது, எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் மென்பொருள் இயந்திரத்தின் வேலை. அது இயங்காவிட்டால் கொம்பு த-வுக்கு வலப்புறம் நிற்கும். சில நேரம் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்றும் கூடவே வரும். ‘கு’, ‘டு’ போன்றவை ஒட்டாமல் தனித்தனியாக நின்றாலும் இதே வகைதான். அல்லது எழுத்துருவில் எழுத்து வடிவங்கள் இருந்தும் அவற்றை இணைக்கும் அட்டவணை இல்லை.

பக்கம் முழுக்க வேற்றுக் குறிகளாக, நடுவே ® என்ற குறி திரும்பத் திரும்ப வந்தால் எழுத்துருவில் பிழை எதுவும் இல்லை. யூனிகோடு எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூன்று பைட். அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக உலாவி படித்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் ஆல்ட் விசையை அழுத்தி மெனுவை வரவழைத்து, ‘வியூ’ பகுதியில் ‘ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்’ என்பதைச் சொடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

® எதுவும் இல்லாமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து வந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற முறைகளில் ஒன்றில் எழுதப்பட்ட பக்கம். உரையை நகலெடுத்து ஓர் எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கிப் படிப்பதே நல்ல வழி. பழைய எழுத்துருவை நிறுவியும் படிக்கலாம். ஆனால் அதை உலாவியின் இயல்பு எழுத்துருவாக வைத்துவிடாதீர்கள். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. அப்படி வைத்தால் ஆங்கிலப் பக்கங்கள் எல்லாம் அர்த்தமற்ற தமிழாகக் காட்சி தரும்.

உலாவிப் பதிப்பு

கொம்பு இடம் மாறும் கோளாறுக்கு முதல் மருந்து உலாவியை மேம்படுத்துவது. இன்றைய குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற இயந்திரத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ அதே வேலைக்கு விண்டோஸின் யூனிஸ்கிரைபை நம்பியிருந்தது. பழைய விண்டோஸில் எதுவரை போகலாம் என்பதற்கு எல்லை உண்டு. எக்ஸ்பி, விஸ்டாவுக்குக் குரோம் 49-ம் ஃபயர்ஃபாக்ஸ் 52 ஈஎஸ்ஆரும் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) கடைசி. விண்டோஸ் 7, 8, 8.1-க்குக் குரோம் 109-ம் ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆரும் கடைசி. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு 115 ஈஎஸ்ஆர்தான் எங்கள் பரிந்துரை.

எக்ஸ்பியில் இன்னொரு படி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் ‘ரீஜனல் அண்ட் லாங்வேஜ் ஆப்ஷன்ஸ்’ திறந்து, ‘லாங்வேஜஸ்’ தாவலில் ‘இன்ஸ்டால் ஃபைல்ஸ் ஃபார் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்று தொடங்கும் பெட்டியில் டிக் செய்யுங்கள். 10 எம்பி இடம் கேட்கும். நிறுவல் சிடியையும் கேட்கலாம். சிடியில் ஐ386 கோப்புறையைக் காட்டினால் போதும். முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன எக்ஸ்பியில் கடவுச்சொல் இடும் தளங்களுக்குப் போகவே கூடாது. வாசிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துருவை நிறுவும் முறை

விண்டோஸ் 7-இல் லதா, விஜயா இரண்டும் இருக்கும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ வந்தது. இவை எதையும் நீக்காதீர்கள். கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். இறக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

ஜிப் கோப்பில், எல்லாத் தடிமன்களும் ஒரே கோப்பில் அடங்கிய வேரியபிள் வகைக் கோப்பு ஒன்று மேலேயே இருக்கும். ‘ஸ்டேட்டிக்’ என்ற கோப்புறையும் இருக்கும். பழைய இயங்குதளங்களுக்கு வேரியபிள் எழுத்துரு சரிப்படாது. தடிமன் எல்லாம் ஒரே மாதிரி வரும், அல்லது எழுத்துருவே பட்டியலில் வராது. ஸ்டேட்டிக் கோப்புறையிலிருந்து ‘ரெகுலர்’, ‘போல்ட்’ இரண்டை மட்டும் எடுங்கள். போல்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உலாவி ரெகுலரையே சற்றுத் தள்ளித் தள்ளி அச்சடித்துப் போலித் தடிமன் உண்டாக்கும். தலைப்புகளில் ‘ண’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகத் தெரிவது இதனால்தான். ‘ஹின்டட்’, ‘அன்ஹின்டட்’ என்று இரண்டு கோப்புறைகள் இருந்தால், புள்ளி அடர்த்தி குறைந்த பழைய திரைக்கு ஹின்டட் (எழுத்து ஓரங்களைத் திரைப்புள்ளிகளோடு பொருத்தும் குறிப்புகள் கொண்டது) எடுக்க வேண்டும்.

ஜிப்பை முதலில் பிரித்துவிட்டு, கோப்பின் மேல் வலச் சொடுக்கு செய்து ‘இன்ஸ்டால்’ கொடுங்கள். எக்ஸ்பியில் என்றால் கண்ட்ரோல் பேனலின் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறைக்குள் நகலெடுத்து ஒட்டுங்கள். உலாவியின் எல்லாச் சாளரங்களையும் மூடித் திறந்த பிறகுதான் மாற்றம் தெரியும்.

ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ், ‘ஃபான்ட்ஸ்’ பகுதி, ‘அட்வான்ஸ்டு’ என்று போய், மேலே இருக்கும் பட்டியலில் ‘தமிழ்’ மொழியைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் எழுத்துருவைக் குறிப்பிடலாம். மொழியை மாற்றாமல் எழுத்துருவை மட்டும் மாற்றினால் தமிழில் எதுவும் மாறாது. அளவு 16 என்று இருக்கும். 18 ஆக்கிப் பாருங்கள். பழைய திரைகளில் அந்த இரண்டு புள்ளி வித்தியாசமே ‘ன’-வையும் ‘ண’-வையும் பிரித்துக் காட்டிவிடும். அதே இடத்தில், பக்கங்கள் தங்கள் எழுத்துருவைத் தாங்களே தேர்ந்தெடுக்க அனுமதிக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதில் டிக் எடுத்தால் எல்லாப் பக்கமும் நீங்கள் சொன்ன எழுத்துருவில் வரும், ஆனால் ஐகான்கள் கட்டங்களாகக்கூடும். குரோமில் ‘அப்பியரன்ஸ்’ பகுதியில் ‘கஸ்டமைஸ் ஃபான்ட்ஸ்’ இருக்கிறது.

எந்த எழுத்துரு உண்மையில் பயன்படுகிறது என்று ஊகிக்க வேண்டாம். உடைந்த சொல்லின் மேல் வலச் சொடுக்கு செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் ‘ஃபான்ட்ஸ்’ தாவலில் பெயர் வரும். குரோமில் ‘கம்ப்யூட்டட்’ தாவலின் அடியில் ‘ரெண்டர்டு ஃபான்ட்ஸ்’ என்று வரும். அங்கே நீங்கள் எதிர்பாராத பெயர் இருந்தால், அந்த எழுத்துருவை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுப் பாருங்கள்.

சரியான எழுத்துரு இருந்தும் தவறாகத் தெரிந்தால் எழுத்துருத் தற்காலிகச் சேமிப்பு கெட்டிருக்கலாம். விண்டோஸ் 7-இல் ‘சர்வீசஸ்’ சாளரத்தில் ‘விண்டோஸ் ஃபான்ட் கேஷ் சர்வீஸ்’ என்பதை நிறுத்துங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் சர்வீஸ்புரொஃபைல்ஸ், லோக்கல்சர்வீஸ், ஆப்டேட்டா, லோக்கல் என்று வரிசையாக இறங்கி, ‘ஃபான்ட்கேஷ்’ என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் அழித்து, மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் அவற்றைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். ஆப்டேட்டா மறைவான கோப்புறை. மறைந்தவற்றைக் காட்டும் அமைப்பை முதலில் இயக்க வேண்டும்.

பக்கம் அனுப்பும் எழுத்துரு வராவிட்டால்

இன்றைய தளங்கள் எழுத்துருவை வோஃப்2 வடிவில் அனுப்புகின்றன. குரோம் 36, ஃபயர்ஃபாக்ஸ் 39 முதல் அது புரியும். இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எந்தப் பதிப்பிலும் புரியாது. உலாவி புதிதாக இருந்தும் வரவில்லை என்றால் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோன கணினி, மின்சாரத்தை நிறுத்தி இயக்கும்போதெல்லாம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். தளம் திறக்க மறுக்கும், சில நேரம் வேறு வழங்கியிலிருந்து வர வேண்டிய எழுத்துரு மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.

தேதி சரியாக இருந்தும் குரோமில் பல தளங்கள் சான்றிதழ் பிழை காட்டினால், தளச் சான்றிதழ்களை நம்பலாமா என்று சரிபார்க்க உதவும் விண்டோஸின் மூலச் சான்றிதழ் பட்டியல் பழையதாகியிருக்கலாம். பல தளங்கள் நம்பியிருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே கொண்டுவருவதால் அங்கே இந்தச் சிக்கல் வராது.

எழுத்து மறைந்து மறைந்து தோன்றினால்

பக்கத்தை உருட்டும்போது எழுத்துகள் காணாமல் போவது, பாதி எழுத்து மட்டும் தெரிவது, மவுஸால் தேர்ந்தெடுத்தவுடன் சரியாகிவிடுவது: இவை கிராஃபிக்ஸ் டிரைவரின் கோளாறு. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. குரோமில் செட்டிங்ஸ், ‘சிஸ்டம்’ பகுதியில் ‘ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன்’ என்பதை அணையுங்கள். சில பதிப்புகளில் ‘கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்’ என்று இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் பரிந்துரைத்த அமைப்புகளுக்கான டிக்கை எடுத்தால்தான் இந்தப் பெட்டி வெளிப்படும். மறுதொடக்கத்துக்குப் பின் ‘ஹெல்ப்’ மெனுவின் ‘டிரபிள்ஷூட்டிங்’ பக்கத்தில், ‘கம்பாசிட்டிங்’ வரியில் ‘வெப்ரெண்டர்’ என்பதோடு ‘சாஃப்ட்வேர்’ என்றும் வந்தால் மாற்றம் நடந்துவிட்டது. இதற்கு விலை உண்டு: காணொளி ஓடும்போது செயலிக்குச் சுமை கூடும். ஆகவே கிராஃபிக்ஸ் டிரைவருக்குப் புதிய பதிப்பு கிடைத்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

மங்கலும் வண்ண ஓரமும்

எல்சிடி திரைக்கு அதன் இயல்புத் தெளிவுத்திறன் ஒன்றுதான் பொருந்தும். 17 அங்குலச் சதுரத் திரைகளில் அது பொதுவாக 1280×1024, பழைய 15.6 அங்குல மடிக்கணினிகளில் பெரும்பாலும் 1366×768. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று இதைக் குறைத்து வைத்திருந்தால் எல்லாமே மங்கும். தெளிவுத்திறனை இயல்புக்குக் கொண்டுவந்து, உலாவியில் கண்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்திப் பெரிதாக்குங்கள். நீலநிற விஜிஏ கேபிள் என்றால், எழுத்து நிறைந்த பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு மானிட்டரின் ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்த வேண்டும். வெற்றுத் திரையில் அழுத்தினால் மானிட்டருக்கு அளவெடுக்க எதுவும் கிடைக்காது.

பிறகு கிளியர்டைப்: எல்சிடி திரையில் எழுத்து ஓரங்களை மென்மையாக்கும் விண்டோஸ் வசதி. எக்ஸ்பியில் டெஸ்க்டாப்பில் வலச் சொடுக்கு, ‘புராப்பர்ட்டீஸ்’, ‘அப்பியரன்ஸ்’, ‘எஃபெக்ட்ஸ்’ என்று போய் எழுத்து ஓரங்களை மென்மையாக்கும் பட்டியலில் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 7-இல் ‘அட்ஜஸ்ட் கிளியர்டைப் டெக்ஸ்ட்’ என்று தேடினால் வரிசையாக மாதிரிகள் காட்டும். ஒவ்வொன்றிலும் கூர்மையானதைத் தேர்ந்தெடுத்து, உலாவியை மூடித் திறவுங்கள். கனமான பழைய சிஆர்டி மானிட்டருக்குக் கிளியர்டைப் வேண்டாம்; அங்கே சிவப்பும் நீலமுமாக ஓரம் தெரியும். ‘ஸ்டாண்டர்டு’ வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில்

எக்ஸ்எஃப்சிஇ மேசையில் ‘அப்பியரன்ஸ்’ அமைப்பின் ‘ஃபான்ட்ஸ்’ தாவலில் ஆன்டி-அலியாசிங்கை இயக்கி, ஹின்டிங்கை ‘ஸ்லைட்’ என்றும், சப்-பிக்சல் வரிசையை ‘ஆர்ஜிபி’ என்றும், டிபிஐ-யை 96 என்றும் வையுங்கள். தமிழுக்கு லோகித் அல்லது நோட்டோ தொகுப்பை மென்பொருள் மேலாளரிலிருந்தே நிறுவலாம்.

சில பக்கங்களில் மட்டும் ஆங்கில எழுத்துகள் படிக்கட்டுப் போலக் கரடுமுரடாகத் தெரிந்தால், பக்கம் ஹெல்வெடிகா கேட்க, கணினி பழைய பிட்மேப் எழுத்துருவைக் கொடுக்கிறது. டெபியன் குடும்பத்தில் ஃபான்ட்கான்ஃபிக் தொகுப்பை மறு அமைப்பு செய்யும்போது பிட்மேப் எழுத்துருக்களை இயக்கலாமா என்று கேட்கும்; வேண்டாம் என்று கொடுங்கள். உலாவியின் எல்லாச் சாளரங்களையும் மூடித் திறந்த பிறகே இது தெரியும்.