வீகனா மாறணுமா, மொதல்ல காபியில கை வைக்காதீங்க

வீகன்னா கவுச்சியோட பால், தயிர், நெய், தேன்னு உயிரினங்ககிட்டேர்ந்து வர்ற எதையுமே சாப்பிடாம இருக்கறது. அதுக்கு மாறறப்ப நான் செஞ்ச மொத தப்பே காபிதான். ஒரு திங்கக்கிழமை பால் பாக்கெட்ட நிறுத்திட்டு, சோயா பாலை கொதிக்க கொதிக்க ஸ்ட்ராங்கான டிகாஷன்ல ஊத்தினேன், டம்ளர்லயே திரிஞ்சு திப்பி திப்பியா மிதக்குது. மூணு நாள் தலைவலியோட திரிஞ்சேன், நாலாவது நாள் பழைய பால் பாக்கெட்டே வந்துடுச்சு, அப்புறம் எட்டு மாசம் வீகன் பேச்சே எடுக்கல. ரெண்டாவது தடவ வரிசைய மாத்திப் போனேன், அது நிலைச்சுடுச்சு.

மொத வாரம் எதையும் விடாதீங்க, சும்மா கவனிங்க. இட்லி, நல்லெண்ணெய் விட்ட பொடி, சாம்பார், வத்தக்குழம்பு, புளிசாதம், சுண்டல், அடை, தேங்காப்பால் ஊத்தின இடியாப்பம்னு நாம தினம் சாப்பிடறதுல பாதி ஏற்கனவே வீகன்தான்.

கவுச்சி சாப்பிடற வீடுன்னா அதிலேர்ந்து ஆரம்பிங்க. செவ்வாய் வெள்ளி எப்படியும் சமைக்க மாட்டாங்க, அதோட இன்னும் ரெண்டு நாள சேத்துக்கோங்க. புரட்டாசியில ஆரம்பிச்சா ஏன்னு கேக்கக்கூட ஆள் இருக்காது, மாசம் முடிஞ்சப்புறம் திரும்பப் போகாம இருந்தா போதும்.

அடுத்து நெய். பருப்பு சாதத்துக்கு நல்லெண்ணெய், பொங்கலுக்குத் தேங்காயெண்ணெயில முந்திரி வறுத்துப் போட்டா போதும். ஆனா அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, எங்கம்மா "ஒரு சொட்டுதான்டா"ன்னு ரசத்துல நெய்யிலயே தாளிச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிப்பாங்க.

கடையில பச்சைப் புள்ளிய நம்பாதீங்க, அது சைவம்னு மட்டும்தான் சொல்லும், பால் பவுடர் போட்ட பிஸ்கட்லயும் அதே புள்ளிதான். 2022ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம், வீகன் உணவுக்குத் தனி விதி கொண்டு வந்தாங்க, அதுக்குப் பச்சை நிறத்துல வி எழுத்தும் குட்டி இலையும் இருக்கற முத்திரை. அது இல்லன்னா பின்னாடி பொடி எழுத்துல பால் திடப்பொருள், வே (whey), கேசின் (casein)னு ஏதாவது இருக்கான்னு பாருங்க, எல்லாமே பால்லேர்ந்து எடுக்கறதுதான்.

இப்ப காபிக்கு வரலாம். டிகாஷன்ல புளிப்பு இருக்கு, அந்தப் புளிப்பும் சூடும் சேர்ந்துதான் சோயா புரதத்தைத் திரிய வைக்குது. அதனால சோயான்னா பாலை வெதுவெதுப்பா வச்சுட்டு அதுல டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. எனக்குப் பிடிச்சது முந்திரிப்பால், பத்துப் பன்னெண்டு முந்திரிய ஊற வச்சு மையா அரைச்சா வடிகட்டவே வேணாம், ரொம்ப கொதிக்க விட்டா மட்டும் கஞ்சி மாதிரி கெட்டியாயிடும்.

தயிரைக் கடைசிக்கு வைங்க, ஏன்னா தயிர் சாதம் இல்லாம சாப்பாடு முடிஞ்ச மாதிரியே இருக்காது நமக்கு. ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலைய ராத்திரி ஊற வச்சு, தோல் எடுத்து, மூணு நாலு டம்ளர் தண்ணி விட்டு அரைச்சு வடிகட்டிட்டு, சின்னத் தீயில கிண்டிக்கிட்டே காய்ச்சுங்க, அடி பிடிக்கும், பொங்கும், பக்கத்துலயே நில்லுங்க. விரல் வச்சா தாங்கற சூட்டுக்கு வந்ததும் கழுவின பச்ச மிளகாய்க் காம்பு எட்டு பத்து போட்டு மூடி வச்சுடுங்க. மொத ஈடு சுமாராத்தான் வரும், கடலை வாசனை தூக்கலா இருக்கும், அதுல ரெண்டு ஸ்பூன் எடுத்து உறை ஊத்தற ரெண்டாவது ஈடுதான் நல்ல தயிர். இஞ்சி, கறிவேப்பிலை, கடுகு தாளிச்சுக் கொட்டினா எங்க வீட்டு விருந்தாளிங்க கண்டுபிடிக்கல. நிறம் மாறினாலோ நாத்தம் அடிச்சாலோ யோசிக்காம கொட்டிடுங்க.

கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரைல கால்சியம் கிடைச்சுடும், கீரைக்கு எலுமிச்சை பிழிஞ்சா இரும்புச்சத்து நல்லா ஏறும், சாப்பிட்ட கையோட காபி குடிச்சா அதுவே குறையும். பி12 மட்டும் விளையாட்டில்ல. செடி கொடியில நம்பற அளவுக்குக் கிடையாது, கல்லீரல்ல சேமிப்பு இருக்கறதால குறைவு தெரியவே வருஷக்கணக்காகும், கால் மரத்துப்போறப்பதான் தேடுவோம். ஆரம்பிக்கறப்பவே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துட்டு டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை போட்டுக்கோங்க.

தேன நான் இன்னும் விடல, சித்த மருந்துப் பொடிய அதுலதான் குழைச்சுத் திங்க வேண்டியிருக்கு, அத அப்புறம் பாத்துக்கலாம்.