ஈறுகளில் இரத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும்: இளைஞர்களுக்கான செய்முறை விளக்கம்

பாபநாசத்தில் இருக்கும் என் அக்காள் மகனுக்கு 23 வயது. பல் துலக்கித் துப்பும்போது நுரை இளஞ்சிவப்பாக விழுவதை ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்தவன், “உடம்புச் சூடு” என்று வீட்டார் சொன்னதை நம்பி இளநீர் குடித்ததோடு, இரத்தம் வரும் பக்கத்தில் பிரஷ் படாமலும் பார்த்துக்கொண்டான். இந்த இரண்டாவதுதான் பெருந்தவறு. இரத்தக் கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் ஈறு ஓரத்தில் படியும் கிருமிப் படலம். துலக்காமல் விட்டால் அது மேலும் தடிக்கும்.

முதலில் பாருங்கள். காலை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழுதட்டை இழுத்துப் பிடியுங்கள். நலமான ஈறு பற்களுக்கு நடுவே கூராக நீண்டு பல்லை இறுகப் பற்றியிருக்கும். நோயுற்ற ஈறு வீங்கி, நுனி மழுங்கி, பளபளக்கும். கீழ் முன்பற்களின் உட்புறம் நாக்குக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அது காரை, அதாவது இறுகிக் கெட்டியான கிருமிப் படலம். எந்தப் பற்பசையாலும் அதை அகற்ற முடியாது. வெற்றிலையுடன் புகையிலை சேர்ப்பவர்களும் சிகரெட் பிடிப்பவர்களும், இரத்தம் வரவில்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், நோய் முற்றியும் கசிவு தெரியாமல் போகலாம்.

அடுத்தது துலக்கும் முறை. மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல், சின்னச் சின்ன அசைவுகளாக இரண்டிரண்டு பற்களாக நகருங்கள். காலையிலும் இரவு படுக்கும் முன்பும் இரண்டு நிமிடம் போதும். செங்கல் தூளும் சாம்பலும் பல்லைத் தேய்த்துவிடும்.

பிறகு பல் இடுக்கு. ஃப்ளாஸ் நூலைப் பல்லைத் தழுவியபடி ஈறுக்குச் சற்றுக் கீழ்வரை இறக்கி, மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். முதல் சில நாள் இரத்தம் வரும், நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

அங்கே ஸ்கேலிங் செய்வார்கள், அதாவது காரையைக் கருவியால் அகற்றுவார்கள். அதனால் பல் ஆடும் என்பது உண்மையல்ல. காரை நீங்கியதும் அதுவரை மறைந்திருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன, அவ்வளவே. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை மெல்லிய கருவியால் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4 அல்லது அதற்கு மேல் போனால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வெறும் ஈறு வீக்கம் முழுமையாக ஆறிவிடும், கரைந்த எலும்போ தானாக வளராது. பதின்ம வயதிலேயே முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் வேகமாகத் தாக்கும் வகை ஒன்று உண்டு. அது குடும்பங்களில் தொடர்வதால், உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

கடைசியாக, சர்க்கரை அளவைப் பாருங்கள். ஈறு நோய் வாயோடு நிற்பதில்லை. நீரிழிவு ஈறைக் கெடுக்கும். ஈறின் நாள்பட்ட அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். இதய நோயுடனும் தொடர்பு காணப்பட்டுள்ளது, ஆயினும் இதுதான் அதற்குக் காரணம் என்று உறுதியாகவில்லை. வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், அவருக்கு ஈறு சிகிச்சை முடிந்த மூன்றாம் மாதம் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும்) பரிசோதனை செய்து, முந்தைய அளவோடு ஒப்பிட்டு, பல் மருத்துவர், சர்க்கரை மருத்துவர் இருவரிடமும் காட்டுங்கள்.